காத்மண்டுவில் குளத்துப் பக்கம்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் காத்மண்டுவில் நடந்ததெல்லாம் அதனால் வந்த வினை. ஒட்டுசுட்டானுக்கு மருமகளாக வந்த முதல் போகத்தில், வயலுக்குள் இறங்கிய யானையை வெடி கொளுத்தாமல் வெறும் சத்தத்தாலேயே காட்டுக்குத் திருப்பியவள் நான். என் கணவர் இந்தக் கதையைத் தேநீர்க் கடையிலும் உர வரிசையிலும் சொல்லிச் சொல்லி, இப்போது ஒரு யானை மூன்று யானையாகிவிட்டது. "அது குரலுக்குப் போகேல்லை, இவளோட கதைச்சு வெல்ல ஏலாதெண்டு போனது" என்பா மாமி. இருக்கட்டும். முள்ளியவளையில் நான் படித்த பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு என்னைத் தலைவியாகப் போட்டதும் என் காலைப் பார்த்து அல்ல, இந்தக் குரலைக் கேட்டுத்தான்.

அந்த அணியில் ஆடிய மூன்று பேர், முப்பதைத் தாண்டிய வயதில், ஓர் ஐப்பசி மாதம் நேபாளத்துக்குப் போனோம். தெற்காசிய நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் போட்டி அங்கே நடந்தது. ஒருத்தி எங்கள் அணியின் கோல்காப்பாளராக இருந்தவள். இப்போது முள்ளியவளையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அளவு கேட்பதற்குத் தவிர வாய் திறக்க மாட்டாள். மற்றவள் முன்வரிசையில் ஓடியவள், இப்போது முல்லைத்தீவில் ஆஸ்பத்திரித் தாதி. மூன்றாவது, நெல்லும் கோழியும் வளர்க்கிற நான். நாங்கள் போனது நாலாமவளைப் பார்க்க. எங்களைவிட இரண்டு வகுப்புக் கீழே படித்தவள் என்பதால் அவளைச் சின்னவள் என்போம். எங்கள் பாடசாலையிலிருந்து நாட்டின் அணி வரைக்கும் போனவள் அவள் ஒருத்திதான்.

போனாள் என்பது பாதி உண்மை. அதற்கு முன் மூன்று முறை அணியோடு வெளிநாடு போயிருந்தாள். மூன்று முறையும் ஓரத்தில் மாற்று ஆட்டக்காரிகளுக்கான வாங்குப்பலகையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெளிநாட்டு அணியோடு ஆடிய ஆட்டம் ஒன்றில் ஒரு நிமிடம்கூடக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலை, பின்னேரம் பயிற்சி என்று எட்டு வருடம் ஓட்டிவிட்டாள். வயது இருபத்தொன்பது. போதாக்குறைக்கு இடது முழங்காலில் வலி. அணியில் பெயர் வந்த அன்று எங்கள் மூவரையும் ஒன்றாகப் போனில் பிடித்தாள்.

"அக்காக்கள், இந்த முறையும் வாங்கிலை இருந்தா, அங்கையே சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு வந்திருவன். பிறகு இந்தப் பந்துக் கதையே வேண்டாம்."

"முழங்கால் எப்பிடி?" என்று தாதி கேட்டாள்.

"தாங்கும். ஆனா ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தெரிஞ்சா என்னை இறக்க மாட்டினம்."

"எங்கட வாயாலை ஒரு சொல்லு வெளியிலை வராது," என்று மூன்று பேருக்குமாக நான் வாக்குக் கொடுத்தேன்.

அவள் போனை வைத்தாள், நாங்கள் மூவரும் வைக்கவில்லை. பிறகு தையல்காரி வாய் திறந்தாள். "அவள் மூண்டு தரம் தனியப் போனவள். இந்தத் தரம் நாங்கள் போவம்." வருடத்தில் இரண்டு வசனம் பேசுகிறவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் விவாதம் இல்லை.

விதைப்பு நேரத்தில் பந்து பார்க்க நேபாளம் போகிறேன் என்று ஒட்டுசுட்டானில் ஒரு மருமகள் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பசுபதிநாதர் கோயிலுக்குப் போகிறோம் என்றேன். பொய்யும் இல்லை, கோயில் காத்மண்டுவில்தான் இருக்கிறது. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்த்தம் கொண்டு வர ஒரு செம்புக் குடுவையைத் துலக்கித் தந்தா. கணவர் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "பசுபதிநாதர் எந்த இலக்கத்திலை விளையாடுறார்?" என்று கேட்டார். அவர் கெட்டிக்காரன், காட்டிக்கொடுக்கவில்லை.

இங்கே எங்கள் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடசாலைத் திடலுக்கு மேற்கே குளம், கிழக்கே ரோட்டு. போருக்குப் பிறகு மீளக் குடியேறி வந்த இரண்டாம் வருடம், கண்ணிவெடி எடுத்தவர்கள் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, அங்கே ஆடத் தொடங்கினோம். இடம், வலம் என்ற பேச்சே எங்களிடம் இருக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால் இடம் வலமாகிவிடும், குளம் எங்கே போகும்? ஆகவே "குளத்துக்கு", "ரோட்டுக்கு" என்றுதான் கத்துவோம். குளத்துப் பக்கம் காவல் நிற்பவளிடம் எதிராளி பந்தோடு வந்தால் "ரோட்டை மறி, குளத்தைத் திற!" என்பேன். உள்ளே வரும் வழியை அடைத்து நில், வெளிக்கோட்டுப் பக்கம் போகவிடு என்று பொருள். அந்தப் பக்கம் போனவளுக்கு அப்புறம் போக்கிடம் இல்லை. காலை நீட்டிப் பந்தைக் குளத்துக்குள் அடித்துவிட வேண்டியதுதான்.

வெளியூர்த் திடல்களில் குளம் ஏது? ஒட்டுசுட்டானில் ஆடினாலும் உருத்திரபுரத்தில் ஆடினாலும், பொழுது படுகிற பக்கத்தைக் குளம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டமெல்லாம் பின்னேரத்தில் என்பதால் வெயிலைப் பார்த்தால் போதும், யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சின்னவளின் வீடு அந்தக் குளத்துக்கு அக்கரையில். அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் அங்கே காடு வெட்டிக் குடியேறியிருந்தன. அந்த நாளில் எங்கள் ஆட்களின் வாயில் "குளத்துக்கு அந்தப் பக்கத்துச் சனம்" என்பது விலாசம் அல்ல, ஏளனம். எனக்கும் அந்த வாய்தான் இருந்தது. அவளை அணியில் சேர்க்கலாம் என்று விளையாட்டு ரீச்சர் சொன்னபோது, "குளத்துக்கு அந்தப் பக்கத்துச் சனம் எங்கட அணியிலையோ?" என்று, அவள் நாலடி தள்ளி நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டே, என் முழுக் குரலில் கேட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கப்படவில்லை என்பதற்காக இன்னும் கூடுதலாக.

ரீச்சர் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் வர, சின்னவளை இறக்கினா. குளத்துப் பக்கக் காவல். அவளுடைய அப்பா வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி குளக்கட்டில் நின்று பார்ப்பார், திடலுக்குள் வர மாட்டார். அவர் நிற்பதற்காகவே இடைவேளைக்குப் பிறகும் அவள் குளத்துப் பக்கமே கேட்டு வாங்குவாள். முதல் பாதி ஒரு பக்கம், மறு பாதி மறுபக்கம் என்று ஆடி ஆடி அவளுக்கு இரண்டு காலும் ஒன்றாகிவிட்டது.

குளத்தில் விழுந்த பந்தை எடுப்பது சின்னவள்தான் என்று சட்டம் போட்டவளும் நானே. அதிகாரம் காட்டத்தான் போட்டேன். அவளோ அதையே ஆயுதமாக்கிவிட்டாள். நாங்கள் முந்தி நின்றால் ஆமை போல நீந்திப் போய் எடுப்பாள், பத்து நிமிடம் போய்விடும். பிந்தி நின்றால் மீன் போல. ஒரு முறை இறுதி ஆட்டத்தில் ஒரு கோலால் முந்தி நின்றபோது, பந்தைப் பிடித்துக்கொண்டு தாமரைக்குள் மல்லாந்து மிதந்தபடி வானத்தைப் பார்த்தாள். நடுவர் கரையில் நின்று விசில் ஊதி ஊதிக் களைத்துப் போனார். கிண்ணம் எங்களுக்கு. அன்றைக்குத்தான் அவளைக் கட்டிப்பிடித்தேன், முதல் தடவையாக. மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதெல்லாம் பழக்கமில்லை, கட்டிப்பிடித்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

காத்மண்டு எங்களுக்கு முதல் விமானம், முதல் குளிர். தீபாவளி நெருங்கியிருந்ததால் தெரு முழுக்கச் செவ்வந்திப் பூமாலை. ஒரு நாள் நாய்களுக்கெல்லாம் மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். "ஊருக்குப் போய் மாமிக்குச் சொல்லு, நாய்க்கே இவ்வளவு மரியாதை எண்டு," என்றாள் தாதி. கொழுக்கட்டைக்குள் இறைச்சி வைத்து அவித்தது போல ஒரு பண்டம், மோமோ என்றார்கள். மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிட்டோம். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள், எங்களுக்கு வாயோடு தையல்காரியின் கைவிரல்களும் உதவின. விலை கேட்பதெல்லாம் அவள் விரலாலேயே முடித்தாள்.

அவள் எங்கள் மூவருக்கும் மேற்சட்டை தைத்துக் கொண்டு வந்திருந்தாள். எங்கள் பள்ளி அணியின் நிறம். முதுகில் பெயருக்குப் பதிலாகக் கொட்டை எழுத்தில் "முள்ளியவளை" என்று தமிழில் வெட்டி ஒட்டித் தைத்திருந்தாள். "இஞ்சை ஆர் இதை வாசிக்கப் போகினம்?" என்று கேட்டேன். "சின்னவள் வாசிப்பாள்," என்றாள்.

முதல் ஆட்டத்தில் சின்னவளின் முதுகை மட்டும் தொண்ணூறு நிமிடம் பார்த்தோம். வாங்கில், வரிசையின் கடைசியில். எங்கள் அணி தோற்றது. தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவள் ஒரு தடவை எழுந்து நின்று உடம்பைச் சூடாக்க ஓடிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து கம்பிவேலிக்கு அருகில் வந்தவள் எங்கள் முதுகைத் திருப்பச் சொல்லி மூன்று "முள்ளியவளை"யையும் வாசித்துச் சிரித்தாள். பிறகு, "இன்னும் ஒரு ஆட்டம்தான் இருக்கு அக்கா," என்றாள். முழங்காலைக் கண்ணாலேயே காட்டினாள். துணி சுற்றியிருந்தது.

எங்கள் பிரிவில் மூன்று நாடுகள்தான். இரண்டாவது ஆட்டம் இந்தியாவோடு. அதற்கு முன் தாதி சின்னவளின் அப்பாவுக்குப் போன் எடுத்தாள். நேரடியாகக் காட்டுகிறார்கள், பார்க்கிறீர்களா என்று கேட்டாள்.

"பாக்குறேன் புள்ள. வீட்டுக்குள்ள லைன் கெடைக்கல, கொளக்கட்டுல ஏறி நிக்கிறேன். ஆரம்பிச்சிட்டாங்களா?"

ஆரம்பித்தார்கள். மேற்குப் பக்க மேடையில், கோட்டுக்கு அருகில் முன்வரிசையில் எங்களுக்கு இடம். வெயில் எங்கள் முதுகில். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம். ஆனால் கொண்டுவந்த குரலை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. நின்றுகொண்டே கத்தினேன். தையல்காரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பகலிலை பக்கம் பாத்துக் கதைக்க வேணுமெண்டு சொல்லுறவை."

"பக்கம் பாத்தாச்சு. பக்கத்திலை மலைதான் நிக்குது. இஞ்சை தமிழ் விளங்கிறதுக்கு ஒரு நாயும் இல்லையடி, மாலை போட்ட நாயும் இல்லை!"

இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி போயிருக்கும். எங்கள் பக்கத்துக் காவல்காரி தசைப்பிடிப்பில் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தாள். பயிற்றுநர் வாங்கைத் திரும்பிப் பார்த்தார். வரிசையின் நடுவில் பார்த்தார், பிறகு கடைசியில். சின்னவள் மேலங்கியைக் கழற்றினாள். நான் தாதியின் கையைப் பிடித்திருந்தேன் போல, பிறகு அவள் நகக்குறியைக் காட்டிச் சண்டை பிடித்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு சின்னவள் கோட்டைத் தாண்டினாள். தாண்டும்போது குனிந்து புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். தையல்காரி அழுதாள், சத்தமே இல்லாமல். நானும் அழுதேன், சத்தத்தோடு.

சின்னவள் நிற்க வேண்டிய இடம் எங்களுக்கு நேர் முன்னால். எதிரில் வந்தவள் இந்திய அணியின் பதினேழாம் இலக்கக்காரி, மெலிந்த பிள்ளை, கால் தரையில் படுகிறதா என்று தெரியாத ஓட்டம். வெளியே போன பந்தைக் கோட்டிலிருந்து எறிய எங்கள் முன்னால் வந்து நின்றவள், எங்களையும், ஆடியபடி நின்ற எங்கள் முதுகுகளையும் பார்த்துச் சிரித்தாள். நல்ல பிள்ளை என்று நானும் கை காட்டினேன்.

அடுத்த நிமிடம் அவள் சின்னவளை நோக்கி வந்தாள். சின்னவள் பதற்றத்தில் நேர் எதிரே போய் நின்றாள், எந்தப் பக்கத்தையும் அடைக்காமல். எனக்குப் பொறுக்கவில்லை. யானைக் குரல் எழும்பியது.

"இடப்பக்கத்தாலை விடாதையடி! உன்ர இடது முழங்கால் தாங்காது! இடது காலை ஊண்டித் திரும்பாதை! முழங்கால், முழங்கால்!"

பதினேழு ஒரு கணம் நின்றாள். என் பக்கம் பார்த்தாள். பிறகு பந்தைத் தட்டிக்கொண்டு சின்னவளின் இடப்பக்கத்தால் உள்ளே வெட்டினாள். சின்னவள் திரும்புவதற்குள் பத்தடி போய்விட்டாள். அந்தத் தடவை எங்கள் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். திரும்பி ஓடும்போது பதினேழு நடுக்களத்தில் நின்ற தோழியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், எனக்கே போடுடி! அந்த அக்காவுக்கு லெஃப்ட் முட்டி சரியில்லையாம்!"

தமிழ்நாட்டுத் தமிழ், தெளிவாக. தோழியும் தமிழிலேயே "சரிடி" என்றாள்.

எங்களுக்கு மேலே இருந்த நேபாளத்து ஐயா ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இந்தியா என்றால் அதில் தமிழ்நாடும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தமிழ்நாட்டுத் தொடர் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு நாள் போவதில்லை. மாமிக்கு அந்த நடிகைகளின் மாமியார்களைக்கூடத் தெரியும். ஆனால் எங்கள் தமிழ் எங்களுக்கு மட்டும் கேட்கிற தமிழ் என்று, கொழும்புப் பஸ்ஸில் ஏறிய நாளிலிருந்து ஒரு பழக்கம். சுற்றிவரச் சிங்களம் என்றால் நாங்கள் தமிழில் இரகசியம் பேசுவோம், இரகசியத்தையே உரத்துப் பேசுவோம். அந்தப் பழக்கத்தை நேபாளம் வரை கட்டிக்கொண்டு வந்து, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த முழங்காலை, எதிராளிக்கே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் பந்து மறுபடி பதினேழிடம் வந்தது. அதே இடப்பக்கம், அதே வெட்டு. இந்தத் தடவை கோல். நாலு. சின்னவள் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். பயிற்றுநர் எழும்பி வாங்கைத் திரும்பிப் பார்த்தார். எடுத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். எட்டு வருடம் காத்திருந்தவளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது, அதையும் நான் கெடுத்தேன். தவளை தன் வாயால் கெடும், நானோ இன்னொருத்தியைக் கெடுத்தேன். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் குரல் வரவில்லை.

மாற்றுவதற்கு ஆள் இல்லையோ, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நினைத்தாரோ, பயிற்றுநர் மறுபடி உட்கார்ந்தார். சின்னவள் நிமிர்ந்தாள். எங்களைப் பார்க்க வெயில் கண்ணில் அடித்தது, கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏன் வாயடைச்சுப் போனியள்? கத்துங்கோவன்!"

எப்படிக் கத்துவது? எந்தப் பாஷையில்? நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்க, தையல்காரி எழும்பினாள். கோல்காப்பாளராக இருந்தவள், திடலை முழுக்கப் பார்க்கிறவள் அல்லவா. சின்னவள் கண்ணை மறைத்த அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். கழுத்தைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் மலைக்கு மேல் நின்ற சூரியனையும் ஒரு தரம் பார்த்தாள். பொழுது படுகிற பக்கம். பிறகு, பன்னிரண்டு வருடமாகக் கடைக்குள் மடித்து வைத்திருந்த குரலை எடுத்தாள்.

"ரோட்டை மறி! குளத்தைத் திற!"

சின்னவளின் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். குளம் எங்கள் பக்கம். நாங்கள் மூவரும் அவ்வளவு நேரமும் குளத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தோம்.

பதினேழு வந்தாள். சின்னவள் இந்தத் தடவை நேரே நிற்கவில்லை, உள் வழியை அடைத்து ஒருக்களித்து நின்றாள். இடது கால் பின்னுக்கு, நல்ல கால் முன்னுக்கு. உள்ளே வெட்ட வழி இல்லாமல் பதினேழு கோட்டுப் பக்கம் திரும்பினாள். அப்புறம் அவளுக்குப் போக்கிடம் இல்லை. சின்னவள் வலது காலை நீட்டினாள், பந்து வெளியே. என் குரலும் திரும்பி வந்தது. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். மறி, திற, மறி, திற. மாமி கேட்டிருந்தால் வாய்க்காலில் தண்ணீர் விடுகிறோம் என்று நினைத்திருப்பா. பதினேழு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தரம் எங்களுக்குப் பின்னால், ஒரு தரம் எதிர் மேடையில். தமிழ்தான், ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. குளத்தைத்தான் காணவில்லை.

அதற்குப் பிறகு அவள் நாலு முறை வந்தாள், நாலு முறையும் குளத்தோடு நின்றது. கடைசி முறை நேரம் முடியும் தறுவாயில். தனி ஆளாக வந்தாள், உதவிக்கு எங்கள் ஆட்கள் யாரும் பின்னால் இல்லை. சின்னவள் விழுந்து சறுக்கினாள். கால் பந்தில் மட்டும் பட்டது, ஆளில் படவில்லை. பந்து கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, நேரே என் நெஞ்சில் வந்து மோதியது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஓரத்தில் நின்ற அதிகாரி கையை நீட்டிக் கேட்டார். தாமரைக்குள் மிதந்தவளை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொடுக்காமல் நின்றேன். "குடுத்துத் துலையடி, நாங்கள் நாலு கோல் பின்னாலை," என்று தாதி என் முழங்கையில் இடித்தாள்.

நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். பார்த்த யாரும் அந்த ஆட்டத்தை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் மூவரும் வென்றவர்கள் மாதிரி வேலிக்கு ஓடினோம்.

சின்னவள் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்கால் துணிக்கு வெளியே வீங்கியிருந்தது. தாதி வேலிக்கு ஊடாகக் கையை விட்டு அமர்த்திப் பார்த்து, ஐஸ் வை, மாடிப்படி ஏறாதே என்று கட்டளை போட்டாள். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்த நாலாவது கோல் நான் குடுத்தது. முழங்காலை நான்தான் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

மன்னிப்புக் கேட்டது எதற்கு என்று எனக்கே முழுதாகத் தெரியவில்லை. கேட்கத் தொடங்கியதும், ரீச்சருக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கேட்ட அந்தப் பழைய கேள்வியும் கூடவே எழும்பியது. அதையும் சொன்னேன். "அண்டைக்கு நீ நிக்கிறாய் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

அவள் நொண்டிக்கொண்டு இன்னும் ஓரடி வேலிக்குக் கிட்ட வந்தாள்.

"ரெண்டும் கேட்டனான் அக்கா. உங்கட குரல் கேக்காமல் இருக்க ஏலுமே?" என்றாள். பிறகு வேலிக்கு ஊடாகவே என் தலையைப் பிடித்துத் தன் நெற்றியோடு இடித்தாள். கட்டிப்பிடிக்க வேலி விடவில்லை.

அப்போது பின்னால் பதினேழு வந்து நின்றாள். கிட்டத்தில் பார்த்தால் இருபது வயதுகூட இருக்காது.

"அக்கா, சாரிக்கா. காதுல விழுந்துச்சு, யூஸ் பண்ணிக்கிட்டேன்," என்றாள் சின்னவளிடம். பிறகு எங்கள் சட்டையைக் காட்டி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மு… முள்ளியவளை. ஊர் பேராக்கா?"

"ஓம், எங்கட ஊர்."

"அப்புறம் அந்தக் குளம் எங்கக்கா இருக்கு? நானும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், ஒண்ணுமே தெரியல."

சின்னவள் வெயிலுக்குக் கையை மறைத்து எங்கள் மேடையைப் பார்த்தாள். அதற்கு மேல் மலை, மலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த சூரியன். வரைபடத்தில் முள்ளியவளை அந்தத் திசையில் இல்லை, வெகு தூரம் தெற்கே. ஆனால் அவள் மேற்கைத்தான் காட்டினாள்.

"அங்கை. என்ர வீட்டுக்கு முன்னாலை. இப்ப அப்பா அந்தக் குளக்கட்டிலைதான் நிக்கிறார்."

பதினேழு அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினாள். தாதி அப்பாவின் இலக்கத்தை அழுத்திப் போனை வேலிக்கு ஊடாகச் சின்னவளிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் மணி முழுதாக ஒரு தரம் அடிக்கவில்லை.

"பாத்தேன் புள்ள," என்று அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அணியின் பஸ் ஹோர்ன் அடித்தது. மற்றப் பிள்ளைகளெல்லாம் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு செருப்போடு ஏறினார்கள். சின்னவள் கடைசியாக நொண்டிக்கொண்டு போனாள். நான் வேலியில் ஏறி நின்று, சப்பாத்து என்னாச்சு என்று கேட்க வாயைத் திறந்தேன். தையல்காரி என் வாயைப் பொத்தினாள். சின்னவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கழற்றாத சப்பாத்தோடு பஸ்ஸில் ஏறினாள்.